எஸ்பிஎஃப் 50 போட்டும் முகம் கறுத்துப் போகிறது: எங்கே தப்பு?

நிழல்தேடி

வணக்கம். வெளியில் நின்று செய்யும் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் கூரைக்குக் கீழே. போக வர இருசக்கர வண்டி. எஸ்பிஎஃப் 50 என்று எழுதியிருக்கும் ஜெல் சன்ஸ்கிரீன் பயன்படுத்துகிறேன். குளித்ததும் ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்துவிட்டுக் கிளம்புவதோடு சரி, அப்புறம் தொடுவதில்லை.

வெயில் ஏற ஏற நிலைமை மோசமாகிறது. கன்ன மேட்டிலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்புத் திட்டு. சட்டைக் கை முடியும் இடத்துக்குக் கீழே வேறு நிறம். பிடரியில் கை வைத்தாலே எரிகிறது. மதியத்துக்குள் வியர்வையோடு க்ரீமும் கண்ணில் இறங்கி எரிச்சல் தாங்கவில்லை. வேறொரு க்ரீம் மாற்றிப் பார்த்தால் முகம் வெளுத்துச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

1. எஸ்பிஎஃப் 50 போதாதா? 100 வாங்க வேண்டுமா?
2. எவ்வளவு, எத்தனை தடவை?
3. இயல்பாகவே கறுத்த தோலுக்கு இதெல்லாம் தேவையா?
4. கண் எரிச்சலுக்கு என்ன வழி?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேதிக்குடுவை

க்ரீமை மாற்றுவதற்கு முன்னால் அளவை மாற்றுங்கள். உங்கள் சிக்கலில் பாதிக்கு மேல் அந்தப் பட்டாணியில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் க்ரீம் பூசித்தான் அளக்கிறார்கள். டியூப் மேல் இருக்கும் 50 அந்தக் கனத்துக்கு மட்டுமே பொருந்தும். முகமும் கழுத்தும் சேர்ந்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம் வேண்டும். பட்டாணி அளவு என்பது கால் கிராம்தான் வரும். தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசாகப் பூசினால் 50 என்று எழுதியிருப்பது நடைமுறையில் பத்தைத் தாண்டுவதே கடினம்.

தராசு இல்லாமல் அளக்க ஒரு வழி: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிழியுங்கள். அந்த இரண்டு கோடும் முகத்துக்கும் கழுத்துக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் தேய்த்தால் வழுக்கும், திட்டுத் திட்டாக நிற்கும், அதனால்தான் பலரும் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். முதலில் ஒரு விரல் அளவை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு அடுத்த விரல் அளவு. இரண்டாவது சுற்றில் முதல் தடவை விட்டுப்போன இடமும் அடைபடும்.

விட்டுப்போகிற இடங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான்: காது மடலின் மேல் விளிம்பு, காதுக்குப் பின்பக்கம், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள மடிப்பு, இமை, தலை வகிடு, பிடரி, புறங்கை, செருப்பு போட்டால் பாதத்தின் மேல்பக்கம். உதட்டுக்கு எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் தனியாக வேண்டும்.

எத்தனை தடவை? வெளியில் நிற்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உங்கள் வேலை நேரத்துக்கு 8.40, 11, சாப்பாடு முடிந்து கிளம்புகையில் 1, அப்புறம் 3. நான்கு தடவை ஆகிறதா? நாளைக்கு ஏறக்குறைய 5 கிராம். 50 கிராம் டியூப் பத்து நாளில் காலியாக வேண்டும். சரியான அளவு போடுகிறோமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. டியூப் மாதக்கணக்கில் வந்தால் அளவு குறைகிறது, வேறு விளக்கம் இல்லை.

இனி எண்ணைப் பற்றி. எஸ்பிஎஃப் என்பது தோல் சிவந்து வேகாமல் காப்பதற்கான அளவு. அது வெயிலின் புற ஊதாக் கதிரில் (யுவி) பெரும்பாலும் யுவிபி வகையைத்தான் (290 முதல் 320 நானோமீட்டர்) கணக்கில் எடுக்கிறது. கறுப்பதற்கும் சுருக்கம் விழுவதற்கும் பெரும்பங்கு வகிப்பது யுவிஏ (320 முதல் 400). அதற்கு வேறு குறி பார்க்க வேண்டும். பிஏ குறியில் ஒரு கூட்டல் என்றால் யுவிஏ காப்பு 2 முதல் 4, இரண்டு என்றால் 4 முதல் 8, மூன்று என்றால் 8 முதல் 16, நான்கு என்றால் 16க்கு மேல். ஐரோப்பிய முறையில் யுவிஏ என்ற எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டிருப்பார்கள்; யுவிஏ காப்பு எஸ்பிஎஃப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். இந்த இரண்டில் ஒன்றாவது இருப்பதையும் பிராட் ஸ்பெக்ட்ரம் (யுவிபி, யுவிஏ இரண்டையும் தடுப்பது) என்று எழுதியிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். எஸ்பிஎஃப் எண் மட்டும் பெரிதாக இருந்து யுவிஏ பற்றி ஒரு சொல்கூட இல்லாத டியூப்பை எடுக்காதீர்கள். தோல் வேகாது, ஆனால் கறுக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி ஓரளவு அதுதான்.

---

பாவுநூல்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் முழங்கைக்குக் கீழேயும் க்ரீமை நம்பினால் கட்டுபடியாகாது. ஒரு முன்கைக்கும் புறங்கைக்கும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் பிடிக்கும். இரண்டு கைக்கும் நான்கு தடவை போட்டால் நாளைக்குப் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாது. யாரும் அப்படிப் போடப்போவதில்லை, அதனால்தான் சட்டைக் கைக்குக் கீழே நிறம் மாறுகிறது. முழுக்கைச் சட்டை போட்டால் அந்தக் கணக்கே இல்லை. துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடவும் வேண்டாம்.

எந்தத் துணி என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் யுபிஎஃப் (துணி யுவியைத் தடுக்கும் அளவு) ஐந்து முதல் ஏழு அளவில்தான் இருக்கும், நனைந்துவிட்டால் இன்னும் கீழே போகும். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர் மட்டும் உள்ளே வரும், அதாவது 2 சதவீதம். யுபிஎஃப் சீட்டு இல்லாத துணியை நீங்களே சோதிக்கலாம்: வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் யுவியும் அந்த வழியாகவே வருகிறது.

நெருக்கமான நெசவு முக்கியம். அடுத்தது நிறம், ஒரே துணியில் அடர்நிறம் வெளிர்நிறத்தைவிடக் கூடுதலாக யுவியை உறிஞ்சும். அடுத்தது இழை, பாலியெஸ்டர் தன்னளவிலேயே யுவிபியை நன்றாகத் தடுக்கும், வெளுத்த பருத்தி அவ்வளவு தடுக்காது. கடைசியாகத் தைப்பு. உடம்பைப் பிடித்த சட்டையில் தோளிலும் முதுகிலும் துணி இழுபட்டுக் கண்ணிகள் விரியும், காப்பு குறையும். ஒரு அளவு பெரிதாக, தளர்வாகப் போட்டால் காற்றும் ஓடும், புழுக்கமும் குறையும். நேர் வெயிலில் நிற்பவருக்கு அரைக்கைச் சட்டையைவிடத் தளர்வான முழுக்கைதான் இதம்.

தொப்பியில் விளிம்பு சுற்றிலும் 7.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். உங்கள் பிடரி எரிச்சலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். பாதுகாப்புத் தலைக்கவசம் கட்டாயமான வேலை என்றால் அதன்மேல் மாட்டும் விளிம்பும் பின்கழுத்துத் திரையும் தனியாகக் கிடைக்கின்றன. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும், காலரைத் தூக்கிவிட்டாலே போதும். பாலிகார்பனேட் விசர் யுவியில் பெரும்பகுதியைத் தடுக்கும், இறக்கிவிட்டு ஓட்டுங்கள். ஹேண்டில்பாரில் புறங்கை முழு நேரமும் வானம் பார்த்தபடிதான் இருக்கும், கையுறை.

வெக்கையை வைத்து யுவியை அளக்காதீர்கள். காற்றடிக்கும் குளுகுளு நாளிலும் யுவி உச்சத்தில் இருக்கலாம், மெல்லிய மேகம் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். கைபேசி வானிலைப் பக்கத்தில் யுவி குறியீடு இருக்கும். 3 வந்தாலே காப்பு தேவை, 6, 7 அதிகம், 8 முதல் 10 மிக அதிகம், 11ம் அதற்கு மேலும் உச்சகட்டம். அதுவும் கையில் இல்லையென்றால் தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வேலையை மரத்தடிக்கோ கூரைக்கோ தள்ள முடியுமா என்று பார்க்க வேண்டிய நேரம். ஒரு நாளின் யுவியில் ஏறக்குறைய 60 சதவீதம் காலை 10 முதல் பிற்பகல் 2 வரை வந்துவிடும். வெயிலில் நின்றே ஆக வேண்டிய வேலைகளை எட்டரை மணிக்கும் மூன்று மணிக்குப் பிறகும் மாற்றி வைக்க மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

நிழல் என்றாலும் முழுக் காப்பு இல்லை. யுவி வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. குடைக்குக் கீழே நின்றாலும் பக்கவாட்டிலிருந்து வரும். உலர்ந்த மணல் 15 சதவீதம் வரை, கடல் நுரை 25 சதவீதம், புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தொப்பி போட்டும் தாடைக்கு அடியில் கறுப்பது இதனால்தான். மலைப்பகுதியில் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் யுவி 10 சதவீதத்துக்கு மேல் கூடும்.

---

கூரைவாசி

எஸ்பிஎஃப் 30 என்றால் 97 சதவீதம் தடுக்கிறது, 50 என்றால் 98. ஒரு சதவீத வித்தியாசத்துக்கு எதற்கு 50? 30 போதும் என்று பல இடத்தில் படித்திருக்கிறேன். 100 எல்லாம் வெறும் விற்பனை உத்தி.

---

வேதிக்குடுவை

தடுத்ததைப் பார்க்காமல் உள்ளே வந்ததைப் பாருங்கள். 30ல் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 3.3 சதவீதம் தோலுக்குப் போகிறது. 50ல் 2 சதவீதம். தோலுக்குச் சேதம் செய்வது உள்ளே போனதுதான், அதில் 40 சதவீதம் குறைவு. நாள் முழுவதும் வெளியில் நிற்பவருக்கு அது பெரிய வித்தியாசம். அளவு கொஞ்சம் குறைந்தாலும் 50ல் சற்றுக் கையிருப்பு இருக்கும். அலுவலகத்துக்குள் இருப்பவர் 30 போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

100 பற்றி நீங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் லேபிளில் 50+ என்பதற்கு மேல் எழுதவே விடுவதில்லை. 100 என்று பார்த்ததும் ஒரு தடவை போட்டால் மாலை வரை தாங்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, ஆனால் எண் பெரிதானாலும் வியர்வையில் அழியும்.

எண்ணைவிட நாள்தோறும் போடுவது பெரிது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில் ஒரு பிரிவினர் எஸ்பிஎஃப் 15 அளவிலான சன்ஸ்கிரீனைத் தினமும் போட்டார்கள், மற்றவர்கள் தோன்றும்போது போட்டார்கள். தினமும் போட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வைத் தொடர்ந்து 2013ல் வெளியான முடிவில் தோல் முதுமையடைவதும் 24 சதவீதம் குறைவாக இருந்தது. வெறும் 15தான்.

இன்னொன்று: எஸ்பிஎஃப் 15 உள்ள ஃபவுண்டேஷன் மேல் 30 போட்டால் 45 ஆகாது. மாய்ஸ்சரைசரில் சன்ஸ்கிரீனைக் கலந்து போடுவது இன்னும் மோசம். க்ரீம் நீர்த்துப்போகும், படலமும் ஒழுங்காக உட்காராது. மாய்ஸ்சரைசர் முதலில், ஐந்து நிமிடம் இடைவெளி, பிறகு சன்ஸ்கிரீன், அதற்கு மேல்தான் மேக்கப். வெளியே போவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் முடித்துவிட்டால் படலம் காய்ந்து பிடிக்கும்.

---

மருந்துப்பெட்டி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கறுத்த தோலுக்குத் தேவையா என்றால், தேவை, ஆனால் காரணம் வேறு.

மெலனின் தானே ஒரு காப்புதான். மிகக் கறுத்த தோலின் மேலடுக்குக்குச் சுமார் 13 எஸ்பிஎஃப் அளவுக்கு இயற்கைக் காப்பு உண்டு, மிக வெளுத்த தோலுக்கு 3 அளவில்தான். அதனால் வெயிலால் வரும் தோல் புற்று கறுத்த தோலில் குறைவு. ஆனால் நிறமி செல்கள் எளிதில் தூண்டப்படுபவை என்பதால் மங்கு, பரு வந்த இடத்தில் தங்கும் கறை, திட்டு இவையெல்லாம் கூடுதல். வேறொன்றும் உண்டு: வெந்துபோனால் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடு, இறுக்கம், தொட்டால் எரிச்சல் ஆகியவைதான் அடையாளம். உங்கள் பிடரியில் நடப்பது அதுதான், 'கறுத்த தோல் வேகாது' என்று விட்டுவிடாதீர்கள்.

கன்ன மேட்டிலும் மேலுதட்டுக்கு மேலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்புத் திட்டு என்றால் மங்காக இருக்க வாய்ப்பு உண்டு. தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். மங்கு யுவியால் மட்டும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அதிலும் நீல-ஊதாப் பகுதி, கறுத்த தோலில் நிறமியைத் தூண்டுகிறது. உங்கள் நிறமற்ற ஜெல் அந்த ஒளியை அப்படியே விட்டுவிடும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு, அதாவது தோல் நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீன். டின்டெட் என்று எழுதியிருக்கும். சேர்மானப் பட்டியலில் அயர்ன் ஆக்சைட்ஸ் என்றோ சிஐ 77491, 77492, 77499 என்றோ இருக்கும். முகம் வெளுத்துத் தெரியும் உங்கள் சிக்கலுக்கும் இதுவே விடை. அந்த வெளுப்பு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு துகள்களால் வருவது. சாயம் அதை மறைத்துவிடும். உங்கள் நிறத்துக்கு ஏற்றதை எடுங்கள்.

மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், மூட்டுவலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபென் ஜெல் இவற்றில் எதையாவது எடுத்தால் வெயில் வழக்கத்தைவிட வேகமாகச் சுடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். ரெட்டினால் க்ரீம் இரவுக்கு மட்டும்.

---

நிழல்தேடி

நிறையத் தெளிவு கிடைத்தது, நன்றி. டின்டெட் வகையைத் தேடுகிறேன், முழுக்கைச் சட்டைக்கும் மாறிவிடுகிறேன். இன்னும் சில சந்தேகம். வேலையிடத்தில் கை கழுவ வசதி குறைவு, முகம் முழுக்கத் தூசி. அதன்மேல் எப்படித் திரும்பப் போடுவது? கண் எரிச்சலுக்குப் பதில் இன்னும் வரவில்லை. எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கருமை போகும் என்கிறார்கள், தேங்காய் எண்ணெயே சன்ஸ்கிரீன்தான் என்றும் ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா?

---

மருந்துப்பெட்டி

எலுமிச்சையைத் தொடவே தொடாதீர்கள், தயவுசெய்து. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது யுவிஏ பட்டால் ரசாயனப் புண் ஆகும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து கொப்புளம் வரும், பிறகு சாறு வழிந்த வடிவத்திலேயே கரும்பழுப்புக் கறை விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கருமை போக்கப் போய்க் கருமையை வாங்கி வருவது இதுதான். பழம் பிழிந்த கையோடு வெயிலில் இறங்குவதற்கும் இது பொருந்தும், சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

தேங்காய் எண்ணெய் உட்பட எந்தச் சமையல் எண்ணெயும் வெயிலில் நிற்பவருக்குப் போதுமான காப்பைத் தராது. இரவில் பூசுங்கள், தோல் வறட்சிக்கு நல்லது.

சீட்டில்லாமல் கிடைக்கும் வெளுப்பாக்கும் க்ரீம்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கருமை என்றதும் அடுத்து எல்லோரும் போவது அங்கேதான். சிலவற்றில் ஸ்டீராய்டு, சிலவற்றில் பாதரசம். ஸ்டீராய்டு பூசினால் முதலில் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே சுள்ளென்று எரியும், நிறுத்தினால் இன்னும் சிவக்கும். ஹைட்ரோகுயினோனும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நீண்டநாள் போட்டால் நீலங்கலந்த கருமை நிரந்தரமாகத் தங்க வழி உண்டு.

இப்போது பிடரி எரிகிறது என்றீர்களே, அதற்கு: குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், நாளுக்குப் பல தடவை. ஐஸ் கட்டி நேரடியாக வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை ஈரம் காயும் முன்னே பூசுங்கள். வெந்த தோலின் மேல் கெட்டியான எண்ணெயும் வாசலினும் முதல் நாளில் சூட்டை அடைத்துவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெயில் சுட்ட சிவப்பு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், உச்சம் வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதனால் 'இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று இன்னொரு மணி நேரம் வெயிலில் நிற்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிய பரப்பில் கொப்புளம், காய்ச்சல், குளிர்நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் என்றால் வீட்டு வைத்தியம் போதாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

வேதிக்குடுவை

திரும்பப் போடும் முறை. வியர்வையின் மேல் பூசினால் படலமே உருவாகாது, க்ரீம் மிதந்து வழியும். முதலில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை முகத்தில் வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் மிச்சமிருக்கும் பழைய படலமும் போகும், தூசியும் தோலைக் கீறும். தூசி மிகுதி என்றால் குடிநீர் பாட்டிலிலிருந்து இரண்டு கை தண்ணீர் அடித்துக் கழுவி, ஒற்றிக் காயவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். கை அழுக்காக இருந்தால் குச்சி வடிவ சன்ஸ்கிரீன்தான் வசதி. ஆனால் ஒரு இழுப்பில் போதுமான அளவு இறங்காது. ஒவ்வொரு இடத்திலும் முன்னும் பின்னுமாக நான்கு இழுப்பு வேண்டும், பிறகு விரல் பின்பக்கத்தால் சமப்படுத்துங்கள். பவுடர் வகையை நம்பாதீர்கள், தேவையான எடையை முகத்தில் ஏற்றவே முடியாது. ஸ்ப்ரே காற்றில் பாதி போய்விடும், மூச்சோடு உள்ளேயும் போகும். வேறு வழியில்லை என்றால் உள்ளங்கையில் அடித்து எடுத்துப் பூசுங்கள்.

கண் எரிச்சல். அவோபென்சோன், ஆக்டோக்ரிலீன் போன்ற வடிகட்டிகள் (சன்ஸ்கிரீனில் யுவியைத் தடுக்கும் சேர்மானங்கள்) எண்ணெயில் கரைந்தவை. நெற்றியில் போட்டது வியர்வையோடு இறங்கிக் கண்ணில் சேர்கிறது. மூன்று வேலை செய்யுங்கள். கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் மட்டும் ஜிங்க் ஆக்சைடு ஒன்றே வடிகட்டியாக உள்ள குச்சியைப் பயன்படுத்துங்கள், அது அவ்வளவு எரிக்காது. நெற்றியில் வியர்வைப் பட்டை கட்டுங்கள். மூன்றாவது, தண்ணீர் தாங்கும் வகையா என்று லேபிளில் பாருங்கள். 40 நிமிடம், 80 நிமிடம் என்று இரண்டு அளவு உண்டு, 80 உங்களுக்கு. முழுக்க நீர் புகாதது என்று ஒன்று கிடையாது, அமெரிக்காவில் அப்படி எழுதவே தடை. யுவி400 கண்ணாடி போட்டால் இமைக்கும் சேர்த்துக் காப்பு. யுவி காப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருட்டில் கண்மணி விரிந்து கூடுதல் யுவி உள்ளே போக இடம் கொடுக்கும்.

பூசியது ரப்பர் துகள் மாதிரி உருண்டு வந்தால் கீழே போட்ட சீரத்துக்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லை, அல்லது காயும் முன் தேய்த்துவிட்டீர்கள். அடியில் போடுவதைக் குறைத்து, தேய்க்காமல் தட்டித் தட்டிப் பரப்புங்கள்.

டியூப்பை வண்டிப் பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். சூட்டில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். பிழியும்போது முதலில் தண்ணீர் மாதிரி வந்தாலோ வாடை மாறியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். குலுக்கிச் சரிசெய்ய முடியாது, வடிகட்டி எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கும். துணியில் சுற்றித் தண்ணீர் பாட்டிலோடு நிழலில் வையுங்கள்.

---

சிறுமலர்

குறுக்கே ஒரு கேள்வி. நான்கு மாதக் குழந்தைக்குப் போடலாமா? மாலையில் கொசு விரட்டும் க்ரீமும் போட வேண்டியிருக்கிறது (பெரியவர்களுக்கு). எது முதலில்?

---

மருந்துப்பெட்டி

ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீன் வேண்டாம். உடல் எடையோடு பார்த்தால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம், தோலும் மெல்லிசு. நிழல், தளர்வான முழு உடை, தொப்பி இவை மட்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு வகை, வாசனை இல்லாதது.

பெரியவர்களுக்குச் சன்ஸ்கிரீன் முதலில். அது காய்ந்தபின் மேலே கொசு விரட்டி. டீட் என்ற கொசு விரட்டும் ரசாயனம் உள்ள க்ரீம் எஸ்பிஎஃப்பை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும், அதனால் இன்னும் வெயில் இருந்தால் சட்டை, நிழல் என்று ஈடுகட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்த க்ரீம் வாங்காதீர்கள். சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாராளமாகப் போட வேண்டியது, விரட்டியை அப்படிப் போடக்கூடாது.

---

கூரைவாசி

30, 50 கணக்கை இப்படி யோசித்ததில்லை, ஏற்றுக்கொள்கிறேன். தினமும் இவ்வளவு போட்டால் வைட்டமின் டி குறையாதா? இன்னொன்று, வெள்ளைச் சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறக் கறை விழுகிறது. ப்ளீச் போட்டால் இன்னும் மோசமாகிறது.

---

பாவுநூல்

வைட்டமின் டி பற்றி மருந்துப்பெட்டி சொல்வார். கறை என் பக்கம்.

அது அழுக்கு இல்லை. அவோபென்சோன் துணியில் ஒட்டி, துவைக்கும் தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து துருநிறக் கூட்டுப்பொருளாகிறது. கிணற்று, ஆழ்துளைத் தண்ணீரில் இரும்பு கூடுதல் என்றால் கறையும் கூடுதல். குளோரின் ப்ளீச் அதை எடுக்காது, நிறத்தை இன்னும் ஆழமாக்கும். துவைப்பதற்கு முன்பே காலரில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகத் தேய்த்துப் பதினைந்து நிமிடம் விட்டால் எண்ணெயோடு அவோபென்சோனும் இறங்கிவிடும், இரும்புக்குச் சேர ஆள் இருக்காது. ஏற்கெனவே விழுந்த கறைக்குச் சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். ப்ளீச் போட்ட துணி என்றால் முதலில் நன்றாக அலசி ப்ளீச் முழுக்கப் போனபிறகுதான், ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாயத் துணியில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு அதை இறுக்கிவிடும்.

---

மருந்துப்பெட்டி

நடைமுறையில் சன்ஸ்கிரீன் போடுபவர்களுக்கு அதனாலேயே வைட்டமின் டி குறைந்ததாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. யாரும் தலை முதல் கால் வரை 2 மில்லிகிராம் கணக்கில் போடுவதில்லை. ஆனால் முழு உடை, தொப்பி, எப்போதும் நிழல் என்று இருப்பவருக்கும், மங்கு காரணமாக வெயிலை முற்றிலும் தவிர்ப்பவருக்கும் குறைய வாய்ப்பு உண்டு. அவர்கள் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, குறைவு என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்கலாம். டி கிடைக்கும் என்று மங்குள்ள முகத்தை வெயிலில் காட்ட வேண்டாம்.